வாறுகாலை அடைத்துக்கொண்டு மனு கொடுத்து என்ன பயன்?

கோவில்பட்டி வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாய் அலைய வேண்டும். மழை கொட்டினால் அரிசி மூடையைத் தூக்கிக் கட்டில் மேல் வைக்க வேண்டும். இந்த இரண்டு தொல்லைக்கும் பரிகாரம் தேடித்தான் தெருவுக்குத் தெரு நலச் சங்கங்கள் கிளம்பியிருக்கின்றன.

நல்ல காரியம். பாராட்ட வேண்டியதுதான். தனி ஆள் போய் நின்றால் "நாளைக்கு வாங்க" என்று சொல்லும் அலுவலகம், இருபது பேர் சேர்ந்து போனால் நாற்காலி போடுகிறது.

ஆனால் பல சங்கங்களின் வேலை மனுவோடு முடிந்துவிடுகிறதே! அதுதான் கோளாறு. வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். திங்கட்கிழமை தூத்துக்குடி கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்கிறார்கள். மனுவை நீட்டுகிறார்கள். போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பஸ் ஏறி ஊர் திரும்புகிறார்கள். அடுத்த மழைக்கு அதே தெருவில் அதே தண்ணீர்!

கரிசல் மண்ணின் குணம்

பெய்த தண்ணீரைச் சட்டென்று குடிக்க இது செம்மண் பூமி அல்ல. கரிசல் மண் நனைந்தால் ஊதும். காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஊதிய மண்ணில் தண்ணீர் லேசில் கீழே இறங்காது. மேலாக நின்று வழி தேடும். வழி இருந்தால் ஓடும். இல்லாவிட்டால் வீட்டுக்குள் வரும். மற்ற ஊருக்கு வாறுகால் ஒரு வசதி. கரிசல் ஊருக்கு அது உயிர்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. கோவில்பட்டியிலும் 50 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஆண்டு முழுவதற்கும் சுமார் 70 செ.மீ. மழை பார்க்கிற பூமி இது! அவ்வளவு மழையை எந்த வாறுகாலும் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் மழை நின்ற பிறகு தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆகிறது? அது வானத்தின் கையில் இல்லை. மனிதன் கையில் இருக்கிறது.

ஓடை எங்கே போச்சு?

முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல. மேட்டில் பெய்த மழை ஓடையில் இறங்கி, ஓடை கண்மாயில் விழுந்து, கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும்படி வைத்தார்கள். அத்தைகொண்டான் கண்மாயும் மூப்பன்பட்டிக் கண்மாயும் அந்தக் கணக்கில் உண்டானவைதான்.

இன்று குடிக்கிற தண்ணீர் சீவலப்பேரியில் இருந்து, தாமிரபரணி ஆற்றில் இருந்து, குழாய் வழியாக வருகிறது. இரண்டாவது குழாய்த் திட்டமும் கோடிக்கணக்கில் செலவழித்துப் போடப்பட்டது. தூரத்துத் தண்ணீரைக் கொண்டுவர இத்தனை பாடுபட்ட ஊர், வாசலில் விழுகிற தண்ணீரைக் கண்மாய்க்குப் போக விடாமல் மறிக்கிறது. தெருவை முக்குவதும் அந்தத் தண்ணீர்தான். கண்மாய்க்குப் போய்ச் சேராமல், கோடையில் கிணற்றை வற்ற விடுவதும் அதே தண்ணீர்தான். வெள்ளமும் பஞ்சமும் ஒரே அடைப்பில் பிறந்த அண்ணன் தம்பி!

மெயின் ரோட்டு நீர்வரத்து ஓடை ஆக்கிரமிப்பு பற்றி எத்தனை மனு, எத்தனை போராட்டம் நடந்தது என்பது ஊர் அறிந்த கதை. பெரிய ஓடையைப் பற்றிப் பேச எல்லோருக்கும் வாய் இருக்கிறது. தன் வாசல் வாறுகாலைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை.

வாறுகால் மேல் கல் பாவிப் படி கட்டியது யார்? மோட்டார் சைக்கிள் ஏற்றச் சரிவாகச் சிமென்ட் பூசியது யார்? கேட்டால், "எங்க அய்யா காலத்துல இருந்தே இப்படித்தான் இருக்கு" என்று பதில் வருகிறது. சங்கத்துக்கு நிர்வாகியாக இருப்பவர் வீட்டுப் படியே வாறுகால் மேல் இருந்தால், அந்தச் சங்கம் எந்த முகத்தோடு நகராட்சிக்குப் போகும்?

இன்னொரு கூத்தும் உண்டு. ஒரு தெரு தன் வாறுகாலை மட்டும் உயர்த்திக் கட்டிக்கொள்ளும். தண்ணீர் அடுத்த தெருவுக்குள் போய் விழும். அந்தத் தெருவும் ஒரு சங்கம் வைக்கும். பிறகு சங்கத்துக்கும் சங்கத்துக்கும் சண்டை! தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியாது.

செய்ய வேண்டியது என்ன?

ஒரு ஓடையில் தண்ணீர் விடுகிற தெருக்கள் எல்லாம் ஒரே கூட்டமைப்பாகச் சேர வேண்டும். தாலுகா ஆபீசில் நில அளவை வரைபடம் கேட்டு வாங்க வேண்டும். இழுத்தடித்தால் 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடை தொடங்கும் இடத்தில் இருந்து கண்மாய் வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலாற நடந்து பார்க்கட்டும். எங்கே அடைப்பு, எங்கே சுருக்கம், எங்கே ஆக்கிரமிப்பு என்று எழுதட்டும். முதலில் சங்கத்தார் தங்கள் சொந்தப் படியை இடிக்கட்டும். அதற்குப் பிறகு கொடுக்கிற மனுவுக்குத் தனி மரியாதை உண்டு.

கிராமத்தில் கிராம சபை இருப்பது போல் நகரத்துக்கும் வார்டு குழு, பகுதி சபை என்று 2022-ல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ந் தேதி பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே போய் உட்கார்ந்தார். கோவில்பட்டி நகராட்சிக்கு 36 வார்டுகள். ஒவ்வொரு வார்டிலும் கூட்டம் போடச் சொல்லி, "எங்க ஓடையைப் பேசுங்க" என்று கேட்டு, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்ற வேண்டியது சங்கத்தின் பொறுப்பு. ஜனங்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் 'நமக்கு நாமே' திட்டமும் இருக்கிறது.

முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் சென்னையைப் பார்க்கட்டும். 1989-ல் அங்கே தொடங்கிய எக்ஸ்னோரா, தெருவாசிகளிடம் மாதம் சிறு தொகை வசூலித்து, மூன்று சக்கர வண்டி போட்டு, ஆள் வைத்துக் குப்பை அள்ளிக் காட்டியது. கராச்சியின் ஒராங்கிக் குடிசைப் பகுதியில் 1980-ல் அக்தர் ஹமீத் கான் என்பவர் ஆரம்பித்து வைத்தார். இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் தானே காசு போட்டுச் சாக்கடைக் குழாய் பதித்துக்கொண்டது. அயல்நாடாக இருந்தால் என்ன, பாடம் பாடம்தான். "சந்துக்குள் எங்கள் வேலை, பெரிய கால்வாய் சர்க்கார் வேலை" என்று அங்கே பாகம் பிரித்துக்கொண்டார்கள். அதுதான் சூட்சுமம்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை

ஜனங்கள் தங்கள் பங்கைச் செய்தால், அதிகாரிகள் தப்பிக்க முடியாது. நீர்நிலையை யாருக்கும் பட்டா போடக் கூடாது என்று 2001-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. சட்டம் இருக்கிறது; கை நீளத்தான் தயக்கம். அப்படியே நீண்டாலும் அந்தக் கை பெட்டிக்கடைக்காரரை மட்டும் பிடிக்கக் கூடாது. அவருக்குப் பிழைக்க மாற்று இடம் காட்ட வேண்டும். பக்கத்து மாடிக் கட்டிடத்துக்கும் அதே நோட்டீஸ், அதே நாளில் போக வேண்டும். ஆள் பார்த்து இடித்தால் எந்தச் சங்கமும் துணைக்கு வராது.

ஐப்பசி பிறந்த பிறகு மண்வெட்டியைத் தேடுவதில் பிரயோஜனம் இல்லை. வெயில் அடிக்கும்போதே வாறுகாலைத் திறக்க வேண்டும். சங்கத்தார் முதல் மண்வெட்டியைத் தங்கள் வாசலில் போடட்டும். இரண்டாவது மண்வெட்டியோடு நகராட்சி வந்தே ஆக வேண்டும்!