தையல் கூலியில் பேரம் வேண்டாம்

அன்பு மாணவச் செல்வங்களே, உறவுகளே,

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததிலிருந்து, பழைய வேட்டி, பேண்ட்டில் பை தைத்துக் கொடுக்கிறேன். எனக்கு இது பொழுதுபோக்கு. என் பழைய மாணவி ஒருத்திக்கு இதுதான் சோறு.

பையின் கைப்பிடி அறாமலிருக்கச் சதுரமாக ஓட்டி, குறுக்கே இரண்டு தையல் போட வேண்டும். பிள்ளைச் சட்டையின் ஓரம் உடம்பை உறுத்தக் கூடாது. வளர்ந்தால் பிரித்துவிட உள்ளே துணி விட வேண்டும். கண்ணும் இடுப்பும் போய்விடும்.

அவளிடம், “வீட்டில் சும்மா இருக்கும்போது தைப்பதுதானே, இவ்வளவா?” என்று கேட்கிறார்கள். நானும் ஒருமுறை கேட்டேன். அவள் பதில் பேசாமல் ஐம்பது ரூபாயைக் குறைத்துக்கொண்டாள். இன்றும் உறுத்துகிறது.

ஜவுளிக்கடையில் போட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். வீட்டில் தைப்பவளுக்கும் கேட்ட கூலியைக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்