காலடியில் ஒரு கதை

நடைபாதை என்றால் நமக்கு ஞாபகம் வருவது கொங்கிறீட் கற்களும் ஓரத்துப் புல்லும்தான். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில், யாரா ஆற்றங்கரையில் உள்ள ஒரு பாதை அப்படியானதல்ல. அது ஒரு விலாங்கு மீன்! வளைந்து நெளிந்து செல்லும் பாதையே மீனின் உடல். பக்கத்தில் மிருக உருவங்கள் செதுக்கிய பெரிய கற்கள். குலின் மக்களின் ஐந்து பிரிவினரைக் குறிக்கும் உலோகக் கேடயங்கள் அரைவட்டமாக நிற்கின்றன.

இதன் பெயர் 'பிர்ராரங் விலம்'. பிர்ராரங் என்பது ஆற்றின் பழைய பெயர். விலம் என்றால் தங்குமிடம். ஆற்றோரம் தங்கிய ஆதிக்குடிகளுக்கு விலாங்கு முக்கிய உணவு. 2006இல் இதை அமைத்த விக்கி கௌசன்ஸ், லீ டரொக், ட்ரியானா ஹாம் ஆகிய மூவரும் ஆதிக்குடிப் பெண்கள்.

சகோதரிகளே, இவர்களுடைய இன்னொரு வேலையையும் கேளுங்கள்.

மரத்தில் வாழும் பொசம் என்ற பிராணியின் தோல்களைத் தைத்துப் போர்வை செய்வது அம்மக்களின் வழக்கம். உட்புறத்தில் கோடுகள் கீறிக் காவி மண் பூசுவார்கள். பிள்ளைக்குச் சிறிய போர்வை; பிள்ளை வளர வளர தோல் சேர்த்துத் தைப்பார்கள். இறந்தால் அதிலேயே சுற்றி அடக்குவார்கள்.

1835இல் வெள்ளையர் மெல்பேர்னில் குடியேறத் தொடங்கினர். நிலம் பறிபோனது. அரசாங்கம் கம்பளிகளைக் கொடுத்தது. தோல் தைத்த கைகள் மெல்ல மெல்ல ஓய்ந்தன.

மெல்பேர்ன் நூதனசாலையில் 1853, 1872ஆம் ஆண்டுகளின் இரண்டு போர்வைகள் எஞ்சியிருந்தன. 1999இல் அவற்றைப் பார்த்த இந்த மூவரும், டெப்ரா கௌசன்ஸ் என்பவரும் அவற்றைப் போலவே புதிதாகச் செய்யத் துணிந்தார்கள். பொசம் அவுஸ்திரேலியாவில் பாதுகாக்கப்பட்ட பிராணி. ஆகவே நியூசிலாந்திலிருந்து தோல் வரவழைத்தார்கள். பின்னர் மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார்கள். 2006இல் மெல்பேர்னில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவுக்கு ஆதிக்குடி முதியோர் பொசம் போர்வை போர்த்தி வந்தார்கள்.

அந்தக் கைகள்தான் ஆற்றங்கரைப் பாதையையும் வடித்தன. நூதனசாலைக்கு எல்லோரும் போவதில்லை. ஆனால் பாதையில் எல்லோரும் நடக்கிறார்கள். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு விலாங்கின் முதுகில் ஓடும் பிள்ளை, "இது என்ன?" என்று கேட்காமலா இருக்கும்? அந்தக் கேள்விக்குத்தான் அதைக் காலடியில் வைத்தார்கள்.

ஒரு தலைமுறைப் பெண்கள் சொல்லிக் கொடுக்க முடியாமல் போனால் ஒரு கைவேலை அறுந்துபோகும். இவர்களுக்கு இரண்டு போர்வைகளாவது மிஞ்சின. எல்லோருக்கும் அப்படி மிஞ்சுமா? உம்மம்மாவின் கையில் இருப்பதை இன்றே கேட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.