பழங்காநத்தத்து அல்லங்காடி
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

மதுரைக்கு வரும் வெளியூர் நண்பர்கள் கோயிலையும் மகாலையும் பார்த்து முடித்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "ராத்திரி எங்கே சாப்பிடலாம்?" அண்மைக் காலமாக நம் மாணவ நண்பர்கள் அவர்களை அழைத்துச் செல்வது பழங்காநத்தத்துக்கும், அங்கிருந்து காளவாசல் நோக்கிச் செல்லும் பைபாஸ் சாலைக்கும். குளிரூட்டிய காபிக் கடைகள், கண்ணாடி முகப்பு வைத்த உணவகங்கள், வண்ண விளக்குகள் எனச் சாலை மினுங்குகிறது. படம் எடுத்து அனுப்பினால் "இது எந்த ஊர்?" என்று சென்னையிலிருப்போரே கேட்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மினுக்கத்தையே பழங்காநத்தம் என்று எண்ணிக்கொள்வோரிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

ஊர் சுற்றிப் பார்ப்பது நேற்று வந்த நாகரிகமா என்ன? மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் பகலில் கூடும் நாளங்காடியையும் இருட்டிய பின் கூடும் அல்லங்காடியையும் பாடி வைத்தார். சிலப்பதிகாரத்தில் 'ஊர்காண் காதை' என்றே ஒரு காதை இருக்கிறது. புகாரிலிருந்து வந்த கோவலன், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, மணிகள் விற்கும் வீதி, துணி வீதி, தானிய வீதி என மதுரையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு மாதரியின் இல்லத்தில் கண்ணகி சமைத்துப் படைத்த உணவை உண்டான். சிலம்பை விற்கப் புறப்பட்டான், திரும்பவில்லை.

அவன் வெட்டுண்ட இடம் என்று வழிவழியாகச் சொல்லப்படும் 'கோவலன் பொட்டல்' எங்கே இருக்கிறது? நாம் காபி குடிக்கப் போகும் இதே பழங்காநத்தத்தில்தான். 1980ஆம் ஆண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு நடத்தியது. முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. தாழிகள் கோவலன் கதைக்குச் சான்றாகா என்பதை வரலாறு படிக்கும் நான் அறிவேன். ஆயினும் ஊரின் தொன்மைக்கு அவை சான்று அன்றோ? எங்கள் வகுப்பில் அந்தப் பொட்டலைப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டேன். என்னையும் சேர்த்து மூன்று பேர். பைபாஸ் சாலையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்கள் யார் என்று கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை.

இந்தப் பகுதியின் இரவுக்கு வேறொரு காரணமும் உண்டு. 1999இல் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் திறக்கப்படும் வரை, திருநெல்வேலி, நாகர்கோவில் முதலிய தென்திசை ஊர்களின் பேருந்துகள் பழங்காநத்தம் நிலையத்துக்குத்தான் வந்து சென்றன. நள்ளிரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் பெட்டியும் மூட்டையுமாக இறங்குவோருக்காகவே அடுப்புகள் எரிந்தன. என் தந்தையார் 1994இல் வேலை தேடி நாகர்கோவிலிலிருந்து வந்து இறங்கியது அங்கேதான். முதல் இரவு நான்கு இட்லி. காசு மறுவாரம் கொடுத்தாராம். முகம் தெரியாத வெளியூரானை நம்பிய அந்த வண்டிக்காரர் யார் என்று இன்றும் அவருக்குத் தெரியாது. சிலம்போடு வந்த வெளியூரானை விசாரிக்காமலே வெட்டியதாகச் சொல்லப்படும் பொட்டலும் இதே ஊரில் என்பதை நான் சொன்னபோது, அப்பா வெகுநேரம் பேசவில்லை.

பேருந்து நிலையம் போனபின் கடைகள் குறைந்தன, அழியவில்லை. இருப்புத் தோசைக்கல்லில் கொத்துப் பரோட்டா கொத்தும் சத்தம் தெருமுனைக்கு முன்பே காதில் விழும். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சிய பருத்திப்பாலுக்கு ஈடாக எந்தக் கண்ணாடிக் கடையும் இன்னும் ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கருத்து. (ஜிகர்தண்டாக் கட்சியினர் மன்னிக்க!) கலைக்கும் குறைவில்லை. சுற்று வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடிந்துதான் முடியும். நாடகம் பார்ப்போருக்கு நடுச்சாமத்தில் தேநீர் கொடுப்பவரும் ஒரு தள்ளுவண்டிக்காரரே.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் தமிழக அரசு ஆணையிட்டது; 2022இல் அதை நீட்டித்தது. நல்ல ஆணைதான். ஆனால் கணவனும் மனைவியுமாக இருவர் நடத்தும் இட்லி வண்டிக்கு அதில் இடமில்லை. வண்டிக்காரருக்கென்று 2014இல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுக்க வேண்டும், சான்றிதழ் தர வேண்டும், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது அது. சிங்கப்பூரில் இத்தகைய எளிய கடைகளைத் திடல்களில் கூட்டி, குழாயும் கூரையும் கொடுத்தார்கள். அந்த உணவுப் பண்பாடு 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நாமோ இரவையே பெருமையாகப் பேசிக்கொண்டு, இரவை உண்டாக்கியவரிடம் "மணி பதினொன்று ஆகிவிட்டது, அடுப்பை அணை" என்கிறோம்.

நான் வழக்கமாகச் சாப்பிடும் வண்டியில் ஓர் அக்கா. சென்ற ஐப்பசியில் ஒருநாள் அப்படித்தான் அணைக்கச் சொன்னார்கள். பாதி வெந்த இட்லியோடு சட்டியை இறக்கினார். "ஏன் அக்கா, நேரத்தோடு முடித்துக்கொள்ளலாமே?" என்று அறிவாளிபோல் கேட்டேன். "பசிச்சு வந்து நிக்கிற ஆளுகிட்ட மணியவா தம்பி பாக்கச் சொல்றது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. மாநகராட்சியின் திட்டங்களில் வண்ண விளக்குக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு பங்கை, இந்த வண்டிகளுக்கு ஒரு குழாயும் ஒரு சான்றிதழும் தருவதற்கு ஒதுக்கினால் போதும். கோவலன் பொட்டலுக்கு வழிகாட்டும் பலகை ஒன்று வைத்தால் கூடுதல் நன்று.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். வரலாற்று மன்றத்தின் சார்பில் ஒரு மாலை நாம் நடந்தே போகலாம். வெளிச்சம் இருக்கும்போதே பொட்டலைப் பார்த்துவிட்டு, பழைய பேருந்து நிலையப் பகுதியைச் சுற்றி, வண்டிக் கடைகளில் முடிக்கலாம். எத்தனை வண்டி, எத்தனை பேர், எவ்வளவு காலமாக என்று குறித்துக்கொள்ள நம்மிடம் நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். நாற்பது பேர் என்றால் முதல் நாளே மாவாட்ட வேண்டுமாம். எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லிவிடச் சொன்னார்.