கிணறு தோண்டுதலும் மூடுதலும்

மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியைச் சூழ்ந்த சமவெளி வானம் பார்த்த பூமி. ஆங்குக் கிணறு உடையவனே கோடையில் நிமிர்ந்து நடப்பான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்னும் பழமொழியும் அவ்வூர்ச் சிறுவர்க்குக்கூடத் தெரியும். அப்பழமொழியின் முழுப் பொருளை உணர விரும்புவோர், நீருக்காக அன்றி, எண்ணெய்க்கும் எரிவாயுவுக்குமாகத் தோண்டப்படும் கிணறுகளின் அமைப்பைச் சற்று நோக்குதல் நலம். தோண்டுதல் பாதி வேலையே. முறைப்படி மூடுதலே மறுபாதி என்பதை அவை நமக்குக் கற்பிக்கும்.

கல்லுப்பட்டியின் அடியில் இருப்பது கடும்பாறை. அங்கே எண்ணெய் தேடுவாரில்லை. காவிரிப் படுகையிலோ, பன்னெடுங்காலமாக அடுக்கடுக்காய்ப் படிந்த பாறைகளில் எண்ணெயும் வாயுவும் தங்கியுள்ளன. நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் இதனால் பெயர் பெற்றது. இத்தகைய கிணற்றை வெறுந்துளை என்று எண்ணுதல் பிழை. அது பூமிக்குள் தலைகீழாகக் கட்டப்படும் கோபுரம். மேலே அகன்றும், கீழே செல்லச் செல்ல ஒடுங்கியும் இருக்கும். ஒவ்வொரு நிலை துளைத்த பின்னும் உருக்குக் குழாய் இறக்கி, அதன் உள்வழியே சிமெண்டுக் குழம்பைச் செலுத்துவர். அக்குழம்பு அடியிற் சென்று திரும்பி, குழாய்க்கும் பாறைக்கும் இடையே மேலேறி இறுகும். மேல்நிலைக் குழாயின் தலையாய கடமைகளுள் ஒன்று, ஊரார் பருகும் நிலத்தடி நீரைக் காத்தலாகும்.

நிற்க. ஆழத்தில் அடைபட்ட வாயு பெரும் அழுத்தத்தோடு இருக்கும். மூவாயிரம் மீட்டர் ஆழமுள்ள நீர்த்தம்பமே அடியில் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 300 மடங்கு அழுத்தும். அதுவும் போதாதவிடத்து, நீரிற் களிமண்ணும், நீரைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட கனமுடைய பாரைட்டு என்னும் கனிமப் பொடியும் கலந்த சேற்றுக் குழம்பைத் துளையில் நிரப்புவர். குழம்பு இலேசாயின் வாயு உட்புகும்; மிகக் கனத்ததாயின் பாறை வெடித்துக் குழம்பை விழுங்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குறுகிய வழியிலேயே எஞ்சினீயர் நடத்தல் வேண்டும். ஒரு காவல் தவறினும் மற்றொன்று தாங்குமாறு எப்போதும் இரண்டு காவல்கள் இருத்தல் வேண்டும். ஒவ்வொன்றையும் சோதித்தறிந்த பின்னரே நம்புதல் வேண்டும். இதுவே இக்கலையின் சாரம்.

இவ்விதி தளர்ந்தால் விளைவது யாது? 2010 ஏப்ரல் 20ஆம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில், மக்காண்டோ என்னும் கிணற்றின் அடியிலிட்ட சிமெண்டு வாயுவைத் தடுக்கவில்லை. அதனைக் காட்டக்கூடிய அழுத்தச் சோதனையும் செய்யப்பட்டதுதான். ஆயினும் அதன் முடிவைப் பிழையாகப் பொருள்கொண்டனர். பதினொருவர் மாண்டனர், எண்பத்தேழு நாட்கள் எண்ணெய் கடலிற் பாய்ந்தது. நம் நாட்டிலும் 1995இல் ஆந்திரத்துப் பாசர்லபூடியில் ஒரு கிணறு இரண்டு மாதங்களுக்கு மேல் எரிந்தது. அஸ்ஸாம் மாகாணத்துப் பாக்ஜானில், 2020 மே மாதம், முன்னரே வாயு தந்துகொண்டிருந்த கிணற்றைச் சீர்செய்யும்போது வாயு பீறிட்டது. ஜூனில் தீப்பற்றி நவம்பர் வரை எரிந்தது. தோண்டி முடித்துவிட்டோம் என்று கவலை நீங்குதற்கு இடமில்லை என்பது இதனால் விளங்கும்.

கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதிக்காலத்தைக் கழித்த ஜே. சி. குமரப்பா, நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கக் குறையும் சேமிப்புக்களே என்று நெடுநாட்களுக்கு முன்னரே வற்புறுத்தினார். அவர் கருத்து மெய்யாயின், ஒவ்வோர் எண்ணெய்க் கிணறும் ஒருநாள் வற்றியே தீரும். அந்நாளை எதிர்நோக்காது கிணறு கட்டுதல் அறிவுடைமையாகுமோ? 2020இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் காவிரிப் பாசனப் பகுதியில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுத்தது. அதனை வரவேற்பாரும் உளர், வெறுப்பாரும் உளர். எத்திறத்தார்க்கும், முன்னமே தோண்டப்பட்ட கிணறுகள் வயல்களினிடையே நிற்கின்றன என்பது பொதுவன்றோ? சிமெண்டு அடைப்புக்களை உரிய ஆழங்களில் இட்டு, சோதித்து மூடினாலன்றி, பழைய துளை வாயுவும் உப்புநீரும் மேலேறும் வழியாகிவிடும். ஆதலின், மூடுதற்குரிய பொருளைக் கிணறு பயன்தரும் காலத்திலேயே தனியே ஒதுக்குதல் வேண்டும். மூடிய விவரத்தை அவ்வூர்ப் பஞ்சாயத்தில் யாவரும் காணுமாறு எழுதி வைத்தல் வேண்டும்.

இஃது எண்ணெய்க் கம்பெனியார்க்கு மட்டும் கூறியதன்று. நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணறு வற்றியவுடன், மேலிட்ட குழாயை உருவி எடுத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி விட்டுச் செல்வோர் எத்தனை பேர்! கைவிட்ட துளையை அடிமுதல் தரைமட்டம்வரை நிரப்பவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே விதித்தது. எனினும், 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பாலகன் அத்தகைய துளையில் வீழ்ந்தான். நான்கு நாட்கள் நாடே விழித்திருந்தும் அவனை உயிரோடு மீட்க இயலவில்லை. மூடாத குழியில் பிறன் மாடு விழுந்தால் குழியின் உடையவனே ஈடுசெய்ய வேண்டும் என்பது மோசே காலத்து நியாயம். மாட்டுக்கு அன்று இருந்த காவல் மகவுக்கு இன்று இல்லையாயின் நாம் பெற்ற கல்வியால் ஆய பயன் என்?

செலவு மிகும் என்பர் சிலர். துளைத்தற்குப் பல்லாயிரம் செலவிட்டவர்க்குச் சில வண்டி மண்ணும் கல்லும் பெரும் பாரமாகா. மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் தோட்டத்தையும் அயலார் தோட்டத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். திறந்து கிடக்கும் துளை ஒன்று காணின், அதனை நிரப்பிவிட்டே கல்லூரிக்குத் திரும்புங்கள்.