பத்து ரூபாயும் பக்கத்து வீடும்



எங்கள் பங்குத் திருவிழாவின் கடைசி நாள். தேர்பவனி முடிந்து மக்கள் வீடு திரும்பியபின் ஆலய வளாகத்தைச் சுற்றி வந்தேன். தரை முழுவதும் தேநீர்க் கோப்பைகள், தண்ணீர்ப் பாக்கெட்டுகள். மேலே பிளாஸ்டிக் கொடித் தோரணம். மூன்று வாரங்களுக்கு முன்புதான் படைப்பைப் பேணுவது பற்றி மறையுரை ஆற்றியிருந்தேன். "நல்லா இருந்துச்சு ஃபாதர்" என்று பலர் பாராட்டவும் செய்தார்கள். மறுநாள் காலையில் துப்புரவுப் பணியாளரான ஓர் அம்மா, எச்சில் கோப்பைகளை வெறுங்கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறையுரை ஏன் பலிக்கவில்லை? மக்களுக்கு விவரம் தெரியாததாலா? இல்லை. தமிழக அரசு 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை விதித்தது. பிளாஸ்டிக் பூசிய கோப்பை, தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் கொடி மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. இது நமக்குத் தெரியும். தெரிந்தேதான் வாங்கினோம். அறிவு மட்டும் பழக்கத்தை மாற்றுவதில்லை. அப்படியானால் எது மாற்றுகிறது?

முதலாவது, பொருளுக்கு ஒரு மதிப்பு இருப்பது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கிய தலைமுறை நாம். பழைய பேப்பரையும் காலி பாட்டிலையும் நம் வீட்டுப் பெண்கள் குப்பையில் போட்டதில்லை. ஏனெனில் அவற்றுக்குக் காசு கிடைத்தது. எடைக்குப் போட முடியாத மெல்லிய கவர்தான் தெருவுக்கு வருகிறது.

இதற்குச் சான்று நீலகிரி. மலைப்பகுதிகளில் வீசப்பட்ட மது பாட்டில்கள் உடைந்து, யானை முதலிய காட்டு விலங்குகளின் கால்களைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால் 2022 மே மாதத்தில் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. டாஸ்மாக் கடையில் ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். விளைவு, பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்ட பாட்டில்கள் கடைக்கே திரும்பி வந்தன. மதுக்கடையைப் பாராட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. குடித்துவிட்டு வருபவரே செய்ய முடிந்ததை, திருப்பலி முடித்து வரும் நம்மால் செய்ய முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அயர்லாந்து நாடு 2002-இல் ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் 15 சென்ட் வரி விதித்தது. ஆண்டுக்கு ஒருவர் 328 பை வீதம் பயன்படுத்தி வந்தது, 21 ஆகக் குறைந்தது. வரி சிறியதுதான். ஆனால் சில காலத்தில், பிளாஸ்டிக் பையோடு தெருவில் நடப்பதே கூச்சமான செயலாகிவிட்டது.

இங்கேதான் இரண்டாவது காரணம் வருகிறது. அது பக்கத்து வீடு. கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் மின் சிக்கனம் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. சில வீடுகளுக்கு "சுற்றுச்சூழலைக் காக்கலாம்" என்றும், சில வீடுகளுக்கு "பணம் மிச்சமாகும்" என்றும், வேறு சில வீடுகளுக்கு "உங்கள் அண்டை வீட்டார் சிக்கனமாக இருக்கிறார்கள்" என்றும் செய்தி போனது. கடைசிச் செய்தி பெற்ற வீடுகளே மின்சாரத்தை மிகுதியாகச் சேமித்தன. ஆனால், "அண்டை வீட்டாரைப் பார்த்தா செய்கிறீர்கள்?" என்று கேட்டபோது, அதுதான் மிகச் சிறிய காரணம் என்று மக்கள் சொல்லியிருந்தார்கள்! நம்மை நாமே அறியாதிருக்கிறோம்.

மஞ்சப்பையை எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் "மஞ்சப்பைக்காரன்" என்றால் ஏளனம். அந்த ஏளனத்துக்கு அஞ்சியே பலர் துணிப்பையைக் கைவிட்டோம். 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது, பையைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, அதன் மானத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, எளிமை. திருவிழாவில் கைகழுவும் இடமும் எவர்சில்வர் டம்ளரும் வைக்காமல், "கோப்பையைப் போடாதீர்கள்" என்று ஒலிபெருக்கியில் கத்துவது யார் குற்றம்? மக்கள் குற்றமா, ஏற்பாடு செய்த என் குற்றமா?

அப்படியானால் மனச்சான்றுக்கு வேலையே இல்லையா? உண்டு. காசு கிடைக்கும் பாட்டில் கடைக்குத் திரும்பும். காசு கிடைக்காத கவரை யார் பிரித்து வைப்பது? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில், சட்டங்கள் மட்டும் நீண்ட காலத்துக்குப் போதாது, மக்கள் உள்ளத்திலிருந்து ஏற்க வேண்டும் என்று எடுத்துரைக்கிறார். குப்பையைத் தரம் பிரிப்பதையும், உண்ணும் அளவுக்கு மட்டுமே சமைப்பதையும் அன்புச் செயல்களாகக் காண்கிறார். நாம் பிரிக்காத குப்பையை வேறொருவர் கை பிரிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கையை நான் பார்த்துவிட்டேன்.

ஆகவே வரும் திருவிழாவுக்கு மறையுரையைக் குறைத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறேன். பதிலாக டம்ளர்கள் வாங்குவோம். கொடித் தோரணம் துணியில் இருக்கட்டும். ஒவ்வோர் அன்பியத்திலும் இரண்டு வீடுகள் முதலில் குப்பையைப் பிரிக்கத் தொடங்கட்டும். மூன்றாவது வீடு தானாகப் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் தெருவில் அந்த முதல் வீடு எது? சிந்திப்போம்.