பந்தலைப் பிரித்த மறுநாள் யார் வருவார்?

காலண்டரில் தினங்களுக்குப் பஞ்சமே இல்லை.

மார்ச் 8 மகளிர் தினம். மே 28 மாதவிடாய் சுகாதார தினம். அக்டோபர் 15 கை கழுவும் தினம். நவம்பர் 19 கழிப்பறை தினம். நவம்பர் 25 பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு தினம். டிசம்பர் 1 எய்ட்ஸ் தினம்.

தினம் வந்தால் பந்தல் வரும். பேனர் வரும். மைக் செட் வரும். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். எல்லாரும் கையை நீட்டி உறுதிமொழி சொல்வார்கள். போட்டோ பிடிப்பார்கள். சாயங்காலம் பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

மறுநாள்? பஸ் ஸ்டாண்டு பெண்கள் கழிப்பறையில் பூட்டுத் தொங்கினால், அந்தப் பூட்டு அப்படியேதான் தொங்கும்!

இப்போது ஒரு நல்ல மாறுதல் வந்திருக்கிறது. பத்திரிகை ஆபீசில் சம்பளம் வாங்காதவர்களும் செய்தி எழுதுகிறார்கள். கல்லூரி மாணவி எழுதுகிறார். நர்சு எழுதுகிறார். குமாஸ்தாவும், குடும்பத் தலைவியும் எழுதுகிறார்கள். கையில் ஒரு செல்போன் போதும். இவர்களை மக்கள் நிருபர்கள் என்கிறோம்.

சந்தோஷம். வரவேற்கிறோம். எத்தனை நிருபர்கள் சுற்றினாலும் ஊரில் உள்ள எல்லாச் சந்துக்கும் போய்விட முடியாது. சந்தில் குடியிருப்பவருக்குத்தான் சந்தின் நாற்றம் தெரியும்.

ஆனால் பெண் சமத்துவம், பொது சுகாதாரம் என்று வந்துவிட்டால், இவர்களில் பலர் எழுதுவது என்ன? ‘பெண்ணைப் போற்றுவோம், நோயை விரட்டுவோம்’ என்று மேடைப் பேச்சை அப்படியே இறக்கி வைக்கிறார்கள். போன வருஷம் எழுதியதில் தேதியை மட்டும் மாற்றினால் இந்த வருஷத்துக் கட்டுரை ரெடி!

இதைப் படித்து யாருக்கு என்ன லாபம்?

தினத்தன்று எழுத வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மறுநாளும் போய்ப் பாருங்கள், அதை எழுதுங்கள் என்கிறோம்.

தேதிக்குப் பின்னால்...

இந்தத் தினங்கள் பொன்னாடைக்காக வந்தவை அல்ல.

மார்ச் 8 எப்படி வந்தது? 1917-ம் ஆண்டு அந்தத் தேதியில் ரஷ்யாவின் பெட்ரோகிராடு நகரில் நூல் ஆலைப் பெண்கள் ‘ரொட்டி வேண்டும்’ என்று வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். சில நாளில் ஜார் மன்னரின் ஆட்சியே கவிழ்ந்தது. ஐக்கிய நாடுகள் சபை இந்தத் தினத்தைக் கொண்டாடத் தொடங்கியது 1975-ல்.

மே 28-க்கும் கணக்கு உண்டு. மாதவிலக்கு சராசரி ஐந்து நாள். ஐந்தாவது மாதம் மே. சுழற்சி சராசரி 28 நாள். ஆகவே மே 28. வாய்விட்டுப் பேசக் கூச்சப்பட்ட விஷயத்தைக் காலண்டரில் ஏற்றிவிட்டார்கள்.

நவம்பர் 19-ஐத் தொடங்கி வைத்தவர் சிங்கப்பூரைச் சேர்ந்த ஜாக் சிம். 2001-ல் கழிப்பறைக்கென்றே உலக அமைப்பு ஒன்றை உண்டாக்கினார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். 2013-ல் ஐக்கிய நாடுகள் சபையே அந்தத் தினத்தை ஏற்றுக்கொண்டது.

ரொட்டி, துணி, கழிப்பறை. ஒவ்வொரு தேதிக்குப் பின்னாலும் இப்படி ஒரு சாதாரணக் கேள்விதான் இருக்கிறது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு தேதியை மட்டும் கொண்டாடினால் எப்படி?

மிட்டாய்த் தெருக் கதை

பக்கத்து மாநிலத்துக்கு வாருங்கள். கேரளத்தில் கோழிக்கோடு. அங்கே மிட்டாய்த் தெரு என்று பெரிய கடைவீதி. நம்ம ஊர் ஜவுளிக்கடைத் தெரு மாதிரி ஜேஜே என்று கூட்டம். கடைகளில் விற்பனைக்கு நிற்பவர்களில் நிறையப் பேர் பெண்கள். கழிப்பறை கிடையாது. அவசரம் என்றால் எங்கே போவது? அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அடக்க முடியாது என்று பயந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள்.

தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி அடக்கி வைத்தால் என்ன ஆகும்? எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். எரிச்சல் வரும், தொற்று வரும், கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை போகும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் ஆபத்து.

இதை விஜி என்ற தையல்காரப் பெண் தட்டிக் கேட்டார். 2009-ல் ‘பெண்கூட்டு’ என்று ஒரு சங்கம் சேர்த்தார். முதலில் கழிப்பறை கேட்டார்கள். அடுத்து உட்கார இடம் கேட்டார்கள். ‘வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலாவது உட்காரக்கூடாதா?’ இவ்வளவுதான் கேள்வி. ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைக் கொடுத்தது.

தமிழ்நாடும் பின்தங்கவில்லை. 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. கடை ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை வசதி தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று சட்டம் சொல்கிறது.

நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும். நரம்பு சுருட்டிக்கொள்ளும். இடுப்பு விட்டுப்போகும். இது சுகாதார விஷயமா, பெண் சமத்துவ விஷயமா? இரண்டும்தான்! மேடையில்தான் அதற்கொரு தினம், இதற்கொரு தினம். அந்தப் பெண்ணின் உடம்பில் இரண்டும் ஒன்றுதான்.

நமது மக்கள் நிருபர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? உங்கள் தெருவில் எத்தனை கடை? எத்தனை கடையில் ஸ்டூல் இருக்கிறது? இருக்கிற ஸ்டூலில் உட்கார விடுகிறார்களா, இல்லை இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுவதற்கு வைத்திருக்கிறார்களா? எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

முதலாளிமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாலு ஸ்டூல் வாங்கிப் போடுவதால் எந்தக் கடையும் திவாலாகிவிடாது. கால் வலியோடு நிற்கிற பெண் முகம் மலர்ந்து புடவை விரித்துக் காட்ட முடியுமா?

சின்னக் கடைக்காரர்களின் கஷ்டமும் நமக்குத் தெரியும். எட்டுக்குப் பத்து கடையில் கழிப்பறை எங்கே கட்டுவார்? அங்கேதான் கார்ப்பரேஷன் வர வேண்டும். கடைவீதிக்குக் கடைவீதி பெண்களுக்குக் கழிப்பறை, தண்ணீர், விளக்கு, உள்ளே தாழ்ப்பாள். வரி வசூலிக்கிறார்கள் அல்லவா? அந்தப் பணத்தில் இதைச் செய்யக் கூடாதா?

பஸ் ஏறி விற்ற பெண்கள்

‘நாங்கள் படித்த நிருபர்களா? நாங்கள் எழுதினால் யார் மதிப்பார்கள்?’ என்று கேட்பவர்கள் உத்தரப்பிரதேசத்துச் சித்ரகூடத்தைப் பார்க்கட்டும்.

2002-ல் அங்கே ‘கபர் லஹரியா’ என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். செய்தி அலைகள் என்று அர்த்தம். எழுதியவர்கள் எல்லாரும் கிராமத்துப் பெண்கள். தலித் பெண்கள்தான் அதிகம். பெரிய படிப்பு இல்லாதவர்களும் உண்டு. தங்கள் வட்டாரப் பேச்சான புந்தேலியிலேயே எழுதினார்கள். தாங்களே செய்தி சேகரித்து, தாங்களே ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்கள்.

என்ன எழுதினார்கள்? ஆஸ்பத்திரி, தண்ணீர், ரோடு, ரேஷன், பெண்கள் மீது நடக்கும் கொடுமை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அதிகாரியிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள்.

2009-ல் யுனெஸ்கோ அவர்களுக்கு எழுத்தறிவுப் பரிசு கொடுத்தது. பின்னால் அச்சை விட்டு செல்போன் வீடியோவுக்கு மாறினார்கள். அவர்களைப் பற்றிய செய்திப் படம் ஒன்று 2022-ல் ஆஸ்கார் போட்டியின் கடைசிச் சுற்று வரை போயிற்று. அப்போதும் அந்தப் பெண்கள் மயங்கவில்லை. ‘படத்தில் இருப்பது எங்கள் கதையில் ஒரு பகுதிதான்’ என்று கறாராகச் சொன்னார்கள். நிருபர் என்றால் இப்படி இருக்க வேண்டும்!

எழுதுவது எப்படி?

ஒன்று: ‘பல இடங்களில் வசதி இல்லை’ என்று எழுதாதீர்கள். எந்தத் தெரு, எந்தக் கட்டடம், என்றைக்கு, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். தண்ணீர் வந்ததா, விளக்கு எரிந்ததா, எவ்வளவு காசு கேட்டார்கள்?

இரண்டு: எதிர்த் தரப்பையும் கேளுங்கள். கடைக்காரர், சுகாதார அதிகாரி, கழிப்பறையைக் கழுவும் தொழிலாளி. கழுவுகிறவருக்குக் கையுறை இல்லை என்பதும் செய்திதான்.

மூன்று: பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005-ம் வருஷத்துச் சட்டம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘இந்தக் கழிப்பறைக்கு இந்த வருஷம் எவ்வளவு செலவு?’ என்று ஒரே ஒரு கேள்வி போதும்.

நாலு: அடுத்த மாதம் திரும்பப் போங்கள். சரி செய்திருந்தால் அதையும் எழுதுங்கள். குறை மட்டும் சொன்னால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள்.

பெயரைப் போடாதீர்கள்!

கிரைம் செய்தி எழுதும் நாம் இதை அழுத்திச் சொல்கிறோம். எழுத்தால் நல்லதும் செய்யலாம், ஒரு குடும்பத்தைத் தெருவிலும் நிறுத்தலாம்.

பாலியல் பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணின் பெயர், முகவரி, அடையாளம் எதையும் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் இரண்டு வருஷம் வரை ஜெயில். குழந்தைகள் விஷயத்தில் தனிச் சட்டமே உண்டு. தெருப் பெயரையும் பள்ளிக்கூடத்தையும் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் மறைத்தால் அது மறைப்பு ஆகாது. ஊருக்கே தெரிந்துபோகும்.

எய்ட்ஸ் விஷயத்திலும் அப்படித்தான். இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நம்ம சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் எடுத்த ரத்தச் சோதனையில் தெரிந்தது. கிருமி இருந்தது விலைமாதர்களின் ரத்தத்தில். அதனால் அது ‘அந்த மாதிரிப் பெண்களின்’ நோய் என்று பேச்சு பரவியது. புருஷனிடமிருந்து வாங்கிக்கொண்ட குடும்பப் பெண்களும் வாய்திறக்கப் பயந்தார்கள். இன்று மாத்திரை இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் நீண்ட நாள் வாழலாம். சம்மதமில்லாமல் ஒருவருக்கு இந்தக் கிருமி இருப்பதை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. டிசம்பர் 1-ந்தேதி கட்டுரை எழுதுகிறவர்கள் இதை முதல் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆம்பிளைக்கு என்ன வேலை?

‘இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்’ என்று பேப்பரை மடிக்கப் பார்க்கும் அண்ணாச்சிகளே, கொஞ்சம் பொறுங்கள். கடையில் நிற்பது உங்கள் மகள். ஆபீசில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது உங்கள் சம்சாரம். நீங்களும் எழுதலாம். நீங்கள் கேட்டால் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அடுத்த தினம் எதுவாக இருந்தாலும் சரி. விழாவுக்குப் போங்கள், கைதட்டுங்கள். மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். கழிப்பறை திறந்திருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, கடையில் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள்.

பூட்டைத் திறக்க வேண்டியது அதிகாரிகளின் வேலை. பூட்டுத் தொங்குகிறது என்று ஊருக்குச் சொல்ல வேண்டியது நம் எல்லாருடைய வேலை.