சொந்தமாய் ஒரு சின்னப் புரோகிராம்!



மூன்றாம் ஆண்டு வந்துவிட்டாலே நம் வகுப்புகளில் ஒரு பேச்சு கிளம்பும். "புராஜெக்ட்டுக்கு என்னடா பண்ணப் போறே?" "அதுக்கென்ன, டவுன்ல சென்டர் இருக்கு. காசைக் கட்டினா பென்டிரைவும் பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டும் கையில கொடுத்துடுவாங்க."

இந்தப் பேச்சு நம்மை விட்டு ஒழிய வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. காசு கொடுத்து வாங்கும் புராஜெக்ட் மார்க் வாங்கித் தரலாம். வேலை கற்றுத் தராது. நம் தேவைக்காக, நம் கையால் நூறு வரியில் எழுதும் ஒரு சின்னப் புரோகிராம் அதைவிடப் பல மடங்கு உயர்ந்தது என்பது என் உறுதியான கருத்து.

உலகமே பயன்படுத்தும் சில மென்பொருள்கள் பிறந்த கதையைப் பாருங்கள். பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ், 1991-ல் தன் 21-வது வயதில், பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரோடு தொடர்பு கொள்வதற்காகத் தன் 386 கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார். அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஆனது. அந்த ஆகஸ்ட் மாதம் அதைப் பற்றி மற்றவர்களுக்கு அறிவித்தபோதுகூட, இது வெறும் பொழுதுபோக்குதான், பெரிதாக ஒன்றும் வராது என்ற அர்த்தத்தில்தான் எழுதினார். அதுதான் லினக்ஸ்! இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான்.

நாம் படிக்கும் பைதான் மொழியும் அப்படித்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த கீடோ வான் ரோசம், 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கி, 1991-ல் வெளியிட்டது அது.

"அவங்க எல்லாம் மேதைங்க, நாம எங்கே?" என்று கேட்கலாம். நியாயம். நாம் எல்லோரும் லினக்ஸ் எழுதிவிட முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் யாரிடமும் தலைப்பு வாங்கித் தொடங்கவில்லை. எதிரே இருந்த ஒரு சின்னத் தேவையில் தொடங்கினார்கள். தேவை நம் வீட்டில் இல்லையா என்ன?

என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். குழுவில் 14 பேர். மாதச் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் ஒரு நோட்டில். கூட்டம் முடிய ராத்திரி ஆகும், காரணம் கணக்கு. இதற்காக சி மொழியில் 130 வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. லேபில் கணக்கை ஓட்டி, தாளில் எழுதி எடுத்துப் போவேன்.

ரெக்கார்ட் நோட்டில் எத்தனை முறை எழுதியும் மண்டையில் ஏறாத ஃபைல் ஹேண்ட்லிங், இதில்தான் புரிந்தது. ஏனென்றால், கம்ப்யூட்டரை அணைத்தாலும் போன மாசக் கணக்கு இருந்தாக வேண்டும்! இன்னொன்று: சி மொழியில் ஒரு முழு எண்ணை இன்னொரு முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான். 2-ஐ 100-ஆல் வகுத்தால் 0.02 வராது, 0 வரும். பரீட்சையில் இது ஒரு மார்க் கேள்வி. குழுக் கணக்கில் இதைக் கவனிக்காவிட்டால் அத்தனை பேருக்கும் வட்டி பூஜ்யம். கடன் வாங்கினவங்களுக்குச் சந்தோஷம்தான், தலைவி அக்கா விடுவாங்களா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

நான் கடைப்பிடிக்கும் சில வழிகளைச் சக மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

1. முதலில் தாளில் எழுதுங்கள். என்ன உள்ளே போகும், என்ன வெளியே வரும் என்று தெரியாமல் கீபோர்டைத் தொடாதீர்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு இதுவே பாதி வேலை.

2. பத்து வரிக்கு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கொத்தனார் சுவர் முழுக்க எழுப்பிவிட்டா தூக்குக் குண்டு விட்டுப் பார்ப்பார்? வரிசைக்கு வரிசை பார்ப்பார். அதே கதைதான் இங்கும்.

3. எர்ரர் இருபது வந்தாலும் பயப்படாதீர்கள். முதல் எர்ரரை மட்டும் சரிசெய்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். ஒரு செமிகோலன் விட்டுப்போனாலே பத்து எர்ரர் காட்டும்.

4. ஏ, பி, எக்ஸ் என்று பெயர் வைக்காமல் வட்டி, பாக்கி என்று பொருள் தெரியும் பெயர் வையுங்கள். ஆறு மாசம் கழித்துப் படிக்கப்போவதும் நாம்தானே?

5. ஓடுகிற காப்பியை அழிக்காதீர்கள். பழைய நிலைகளைப் பத்திரப்படுத்தத்தான் 'கிட்' இருக்கிறது. லினக்ஸ் வேலைக்குத் தேவைப்பட்டது என்று 2005 ஏப்ரலில் அதையும் எழுதத் தொடங்கியவர் அதே டார்வால்ட்ஸ்தான்.

"இப்போ ஏ.ஐ. கிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல எழுதிக் கொடுக்குமே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அது தந்த ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று நம்மால் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால், சென்டரில் வாங்கிய புராஜெக்ட்டுக்கும் இதற்கும் காசு ஒன்றுதான் வித்தியாசம்.

அந்தக் காசையும் எண்ணிப் பாருங்கள். அது நம் அப்பாவின் எத்தனை நாள் கூலி? வெயிலில் நின்று சம்பாதித்த பணத்தைக் கொடுத்து, நாம் படிக்காததற்குச் சான்று வாங்குவது எந்த ஊர் நியாயம்? நாளை இன்டர்வியூவில் "இதை நீதான் எழுதினாயா?" என்று கேட்கும்போது, அந்த பைண்டிங் அட்டை நமக்காகப் பேசாது.

நம் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் லேபைத் திறந்து வைக்க நிர்வாகத்திடம் கேட்டுப் பெற வேண்டும். ஆண்டு விழாவில் ஆட்டம் பாட்டத்தோடு, மாணவர்கள் சொந்தமாக எழுதிய புரோகிராம்களுக்கும் ஒரு மேஜை போட வேண்டும். மளிகைக் கடைக் கணக்கோ, பஸ் நேரமோ, எதுவாக இருந்தாலும் சரி. சிறியது என்று யாரும் சிரிக்கக் கூடாது.

தோழர்களே! இந்த மலரைப் படித்து முடித்ததும் ஒரு தாளை எடுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யார் எந்தக் கணக்கில் திண்டாடுகிறார்கள் என்று எழுதுங்கள். உங்கள் புராஜெக்ட்டின் தலைப்பு அதுதான்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் பிரிவு